ஒரு பழைய பேனாவின் பூர்வீகம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

மினி டிராப்டர் வாங்கப் போய்ப் பேனா வாங்கி வந்த ஒருவன் நம் கல்லூரியில் இருக்கிறான் என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் புண்ணியவான் நான்தான். அதற்காக வாங்கிய கிண்டலை எல்லாம் எழுதினால் மலர்க் குழுவினர் பக்கம் போதாது என்பார்கள். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். பெயரே இல்லாத ஒரு பழைய மைப் பேனா கையில் கிடைத்தால், அது எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். லேத்தின் முன்னால் நின்றவனுக்கு இன்னும் சுலபம்.

நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் டிராயிங் வகுப்புக்கு டிராப்டர் வேண்டும் என்று அம்மா முந்நூறு ரூபாய் கொடுத்தாங்க. புதுசு வாங்க அது போதாது. குமணன்சாவடி ஜங்ஷனில் மெட்ரோ தூண்களைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் ஒரு காயலாங்கடை இருக்கிறது. அங்கே பழைய டிராப்டர் சில சமயம் கிடைக்கும் என்று சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். போனேன். டிராப்டர் இல்லை. துருப்பிடித்த ஸ்பானர்களுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா; அதற்குள் உடைந்த கைக்கடிகாரங்களோடு இந்தப் பேனா கிடந்தது. நல்ல பருமன். கறுப்பு. மூடியில் அம்பு வடிவத்தில் கிளிப்பு.

"பார்க்கர் தம்பி. பழைய வூடு ஒண்ணு காலி பண்ணப்ப வந்த சரக்கு. வெளியே ஐயாயிரத்துக்குப் போவும். உனக்குன்னா முந்நூறு" என்றார் கடைக்காரர். பேரம் பேசி இருநூற்றைம்பதுக்கு வாங்கிவிட்டேன். ஐயாயிரத்துக்கு விற்றால் ஒரு டிராப்டர் என்ன, பத்து டிராப்டர் வாங்கலாமே என்று மனசு கணக்குப் போட்டது.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? எங்கள் வீட்டில் பேனா என்றால் காஸ் புத்தகத்தோடு நூல் போட்டுக் கட்டிய ஒரு பால்பாயிண்ட் பேனாதான். அப்பா கொத்தனார். பத்தாம் வகுப்பு தாண்டிப் படிக்க வந்தவன் எங்கள் இரண்டு பக்க உறவிலும் நான் ஒருத்தன்தான். அம்மா கோபத்தில் பேசவே இல்லை. அப்பா மட்டும் பேனாவை வாங்கி, கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவிப் பார்த்தார். "இங்க ஒரு எடம் உள்வாங்கியிருக்கு பாரு. மெஷின்ல வந்த சாமான் இப்படி இருக்காதுடா. யாரோ ஆளு கையால செஞ்சது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பார்க்கரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்பட்டு எழுதும் வரி இது.

பழைய பேனா ஒன்றை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது எழுத்துகளை. பெரிய கம்பெனிகள் பெயர் போடாமல் பேனாவை வெளியே அனுப்புவது அபூர்வம். மூடியின் வளையத்தில் இருக்கும், இல்லையென்றால் உடல் பகுதியில் அச்சுக் குத்தியிருக்கும். 1905-ல் லண்டனில் தொடங்கிய கான்வே ஸ்டூவர்ட் பேனாக்களில் கம்பெனிப் பெயரோடு மாடல் எண்ணும் இருக்கும். ஷீஃபர் உயர் ரகப் பேனா என்றால் மூடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்க்கரோ 1930-களிலும் 40-களிலும் செய்த பேனாக்களில் வருடத்தின் கடைசி இலக்கத்தையும் பக்கத்தில் புள்ளிகளையும் குத்தி, எந்த வருடம் எந்தக் காலாண்டு என்றுகூடச் சொல்லிவிடும். சீனத்து ஹீரோ பேனாவின் மூடியில் சீன எழுத்தே உண்டு. என் பேனாவை விளக்கடியில் எப்படித் திருப்பினாலும் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தேய்ந்து போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளிப்பு இருக்கிறதே, அம்பு! அது போதாதா? போதாது நண்பர்களே. பார்க்கர் அம்புக் கிளிப்பைக் கொண்டுவந்தது 1933-ல். அதற்குப் பிறகு உலகத்தில் அம்பைக் காப்பியடிக்காத ஊர் குறைவு. கிளிப்பு என்பது தகட்டை அச்சில் அடித்து எடுக்கும் உதிரி. சின்னப் பேனாக் கடைக்காரர்கள் அதைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்வார்கள். கிளிப்பை வைத்துப் பேனாவைச் சொல்வது, சைக்கிள் மணியை வைத்துச் சைக்கிள் கம்பெனியைச் சொல்வது மாதிரி.

நிப்பும் அப்படித்தான். அதுவும் கழற்றி மாட்டக்கூடியது. ஆனால் நிப்பில் ஒரு விஷயம் படிக்கலாம். தங்க நிப்பு என்றால் 14 காரட்டுக்கு 585 என்றும், 18 காரட்டுக்கு 750 என்றும் எண் இருக்கும். ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதுதான் அந்த எண். 'இரிடியம்' என்று எழுதியிருந்தால் அது முனையில் பற்றவைக்கும் கெட்டியான குண்டுமணியைக் குறிக்கும். நிப்பு தங்கம் என்று அர்த்தமில்லை. இன்றைய நிப்புகள் பலவற்றில் அந்த முனையில்கூட இரிடியம் இருக்காது, வேறு கெட்டி உலோகம்தான். என் நிப்பில் 'எஃப்' என்று ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும். மஞ்சளாக மின்னியது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. தங்கமேதான் என்று துள்ளிக் குதித்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனேன். அவர் கல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, "முலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மெட்டீரியல் வகுப்பில் தூங்கியதன் பலன்! காந்தம் ஒட்டினால் தங்கம் இல்லை என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. குரோமியமும் நிக்கலும் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது.

சரி, உள்ளே மை காய்ந்திருக்கிறதே, கழுவினால் எழுத்து தெரியலாம் என்று ராத்திரி முழுக்க டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் எடுத்தால் கறுப்புப் பேனா காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறது! மூடியைத் திருகிப் போட்டிருந்ததால் அதற்குள் மறைந்த பகுதி மட்டும் பழைய கறுப்பில் தப்பித்திருந்தது. அழாத குறை.

அந்தக் கோலத்தில் பேனாவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடித் தாத்தாவிடம் போனேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது அல்லவா? அங்கே பல வருஷம் டர்னராக இருந்தவர். பேனாவை வாங்கி வேட்டியில் பரபரவென்று தேய்த்து மூக்கில் வைத்தார். "டேய், இது எபோனைட்டுடா. கந்தக வாடை வருது பாரு. கரண்ட் சாமானுக்கெல்லாம் நாங்க இதுலதான் கடைஞ்சு குடுப்போம்" என்றார். நானும் தேய்த்து மோந்தேன். பட்டாசு வெடித்த தெருவில் மறுநாள் காலை வருமே, அந்த வாடை லேசாக வந்தது.

எபோனைட் என்றால் என்ன? நம் டயர் ரப்பரின் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகும்; இதுதான் வல்கனைசிங். சாதாரண ரப்பர் சாமானுக்கு நூறு பங்கு ரப்பரில் சில பங்கு கந்தகம் போதும். அதையே முப்பது பங்கு, அதற்கும் மேல் என்று கூட்டிக்கொண்டே போனால் வளையாத, மரம் போலக் கடையக்கூடிய கறுப்புப் பொருள் கிடைக்கும். அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் 1851-ல் இதற்கு பேட்டண்ட் வாங்கினார். 1884-ல் வாட்டர்மேன் தன் மைப் பேனாவுக்கு பேட்டண்ட் வாங்கிய காலத்தில் பேனாவுக்கு ஏற்ற பொருள் இதுதான். மை அரிக்காது, கைக்கு இதமாக இருக்கும், மின்சாரமும் சூடும் சீக்கிரம் கடத்தாது. ஒரே குறை, வெளிச்சத்திலும் ஈரத்திலும் மேற்பரப்பில் உள்ள கந்தகம் வினைபுரிந்து நிறம் வெளுக்கும். பல வருஷ வெயில் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருந்தது. மீதியை நான் டம்ளரில் செய்துவிட்டேன்.

தேய்த்து மோந்து பார்ப்பது நல்ல சோதனை, பேனாவுக்குச் சேதமில்லை. கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. அதன் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும். வாடையே இல்லாமல், பக்கவாட்டில் நெடுக மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக். அந்தக் கோடு மோல்டின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம். ஊசியைச் சூடு பண்ணிக் குத்திப் பார்க்கச் சொல்லும் மேதாவிகளும் உண்டு. அவர்கள் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள்.

எபோனைட் என்று தெரிந்ததும் கேள்வி மாறிவிட்டது. யார் பெயர் என்பதை விட்டுவிட்டு, எப்படிக் கடைந்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். தாத்தா சொல்லச் சொல்ல நான் செய்த சோதனைகள் இவை.

ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் கோதுமை மாவு உருண்டையை ஒட்டி, கொஞ்சம் பவுடர் தொட்டு, பேனாவின் உடலுக்குள் அடிவரை விட்டு அழுத்தி எடுத்தேன். மாவின் நுனி கூம்பாக வந்தது! டிரில் பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி என்று படிக்கிறோமே, அதன் அச்சு அப்படியே பேனாவின் வயிற்றுக்குள் இருக்கிறது. அப்படியானால் உருட்டுக் கம்பியாக வந்த எபோனைட்டை லேத்தில் மாட்டித் துளையிட்டிருக்கிறார்கள்.

அடுத்து வெர்னியர். உடலின் மேல்பகுதியில் 12.6 மில்லிமீட்டர், நடுவில் 12.3, கீழே மறுபடி 12.5. அந்த 12.3 எங்கே வந்தது தெரியுமா? அப்பா கட்டை விரலை வைத்த அதே இடம். காரேஜை ஓட்டி வெட்டினால் இப்படி ஓர் இடம் மட்டும் உள்வாங்காது. சுற்றும்போது உளியையும் அரத்தையும் கையில் பிடித்து உருவம் கொடுத்திருக்கிறார்கள். தினமும் சுவர் பூசி மட்டம் பார்க்கிற விரல், வெர்னியருக்கு ஒரு வாரம் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டது.

மூடியின் மரை பெரிய பாடம். கம்பெனிப் பேனாக்கள் பலவற்றில் மூடி ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்றில் கழன்றுவிடும். அவை ஒரே நேரத்தில் பல மரைகள் ஓடும் மல்ட்டி ஸ்டார்ட் வகை. இதில் நான்கு சுற்று சுற்ற வேண்டும், ஒற்றை மரை. பிட்ச் கேஜ் வைத்தால் அங்குலத்துக்கு 32 மரை சரியாக உட்கார்ந்தது. "அங்குலக் கணக்கு! அப்ப இங்கிலாந்து!" என்று கத்திவிட்டேன். தாத்தா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம பட்டறைல இன்னைக்கும் அரை இஞ்சு, மூணு நூலுன்னுதான்டா பேசறான். அவனெல்லாம் இங்கிலாந்தா?" உண்மைதானே? மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது 1956-ல். ஆனால் கையில் இருக்கும் மரை வெட்டும் உளியை யாராவது சட்டம் வந்ததென்று தூக்கிப் போடுவார்களா?

ஆக, இது கையால் கடைந்த உள்ளூர்ப் பேனா. உள்ளூர் என்றால் எந்த ஊர்? இந்தத் தொழிலுக்கு நம் தென்னாட்டில் நல்ல பரம்பரை இருக்கிறது. ஆந்திரத்து ராஜமுந்திரியில் 1932-ல் தொடங்கிய ரத்னம் பேனா சுதேசி இயக்கத்தில் பிறந்தது. காந்தியடிகள் 1935-ல் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஹைதராபாத்தில் டெக்கான் பேனா. நம் பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஜெம் அண்ட் கம்பெனி 1920-களிலிருந்து வந்த கடை. அவர்களுடைய காமா பேனா எபோனைட்டுக்குப் பெயர் போனது. இதையெல்லாம்விட என்னை உலுக்கியது திருவள்ளூர். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேர தூரம். அங்கே கடையும் ரங்கா பேனாக்களை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருப்பவர்கள் வரவழைத்து எழுதுகிறார்கள். பக்கத்து ஊரில் நடக்கும் லேத் வேலை, இரண்டு வருஷம் மெக்கானிக்கல் படிக்கும் எனக்குத் தெரியவில்லை.

நிப்புக்கும் தமிழ்நாட்டில் ஓர் ஊர் உண்டு. சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தானே நினைவுக்கு வரும்? நிப்பும் அதே அளவுக்குப் பெயர் பெற்றது. வீட்டுக்கு வீடு கைப்பிரஸ் வைத்துத் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் பிளந்து நிப்பு அடித்த ஊர். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சுருக்கிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமானுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது, இப்படி நிப்பை ஓர் இடத்தில், கிளிப்பை வேறு இடத்தில் வாங்கி, உடலைத் தாங்களே கடைந்து பேனா செய்தவர்கள் எத்தனையோ பேர். பல பேனாக்களில் பெயரே வெட்டவில்லை. என் பேனாவில் எழுத்து தேய்ந்து போகவில்லை நண்பர்களே. ஆரம்பத்திலிருந்தே இல்லை.

இந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. ஊறப்போடும் முன் எடுத்த போட்டோவை நண்பன் ஒருவன் தெரிந்தவருக்கு அனுப்பியிருந்தான். அவர் பழைய பேனா சேகரிப்பவராம். அம்புக் கிளிப்பைப் பார்த்துவிட்டு மூவாயிரம் தருகிறேன் என்றார். மூவாயிரம்! அம்மாவின் முகம் கண்ணில் வந்தது. உண்மை தெரிந்த பிறகும் இரண்டு நாள் நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவரே பார்க்கர் என்று நினைத்தால் அதற்கு நானா பொறுப்பு என்றெல்லாம் மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடினேன். மூன்றாம் நாள் போன் பண்ணி எபோனைட், கூம்பு, மரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இருநூறுன்னா குடுங்க தம்பி" என்றார். ஐம்பது ரூபாய் நஷ்டத்துக்கு விற்க மனசு வரவில்லை. டிராப்டரைப் பொறுத்தவரை, பாஸாகிப் போன சீனியர் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகுதான் என்னோடு சரியாகப் பேசினாங்க.

விற்காதது நல்லதாயிற்று. ஒரு நாள் கரண்ட் போன ராத்திரியில், செல்போன் டார்ச்சைப் பேனாவுக்குப் படுக்கைவாட்டில் பிடித்தபோது, வெளுத்த பரப்பில் ஊசிக் கோடுகள் தெரிந்தன. நேர் வெளிச்சத்தில் தெரியாதது பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரிந்தது. 'ச.வே. 12-6-67.' கம்பெனிப் பெயர் இல்லை, சொந்தக்காரர் வெட்டிக்கொண்ட எழுத்து. அந்தக் காலத்தில் பேனா வாங்கினால் பெயர் வெட்டிக்கொள்வது வழக்கம் என்றார் தாத்தா. சேகரிப்பவர்களுக்குப் பெயர் வெட்டிய பேனா என்றால் மதிப்பு குறைவு. எனக்கோ, தேடிக்கொண்டிருந்த வருஷம் கிடைத்தது. வெட்டிய தேதிக்குப் பிறகு பேனா பிறந்திருக்க முடியாதே! 1967 ஜூனில் இந்தப் பேனா ஒருவர் கையில் இருந்திருக்கிறது. ஜூன் என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம்.

இப்போது இதில்தான் ரெக்கார்டு எழுதுகிறேன். மை ஊற்ற டியூப் கிடையாது. கழுத்தைக் கழற்றி பில்லரால் உடலுக்குள் நேராக மை விட வேண்டும். கழுத்து மரையில் துளி சிலிகான் கிரீஸ் தடவினால் ஒழுகாது. மை பாதிக்குக் கீழே போனதும் நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று கைச் சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், பேனா கக்கிவிடும். தெர்மல் வகுப்பில் சொன்ன வாயு விதி என் சட்டைப் பையில் நீலமாக ஒரு தடவை நிரூபணமாகியிருக்கிறது.

ஒரு சின்ன சங்கடம் மட்டும் பாக்கி. நிப்பை நேராகப் பிடித்து எழுதினால் கீறுகிறது. இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தால் வெண்ணெய் மாதிரி போகிறது. லென்ஸில் பார்த்தேன், முனை ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருக்கிறது. ச.வே. அப்படிச் சாய்த்துப் பிடித்து எழுதியிருப்பார் போலும். நைஸ் எமரித் தாளில் தேய்த்துச் சரிபண்ணிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை என்றார் தாத்தா. இன்னும் செய்யவில்லை. நான்தான் கையைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரெக்கார்டில் என் கையெழுத்து மாறிவிட்டதாக எங்கள் லேப் சார் சொல்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் பெட்டியில், பெயர் தெரியாத பழைய பேனா ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். மெஷின் ஷாப்பில் வெர்னியரும் பிட்ச் கேஜும் இருக்கின்றன, கோதுமை மாவு நான் கொண்டுவருகிறேன். தயவுசெய்து கழுவாமல் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக்கே வரலாம். அப்பா வேலைக்குப் போயிருக்க மாட்டார், அவரிடமும் ஒரு தடவை தடவிப் பார்க்கக் கொடுத்துவிடலாம்.